வயது ஏறாத களிமண்

மார்ச் 3

என் செல்லத் தங்கைக்கு,

நாங்கள் நலம். பட்டறையில் இருந்தால் நீ போனை எடுக்கமாட்டாய், கையெல்லாம் மண். அதனால்தான் கடிதம்.

உன் கண்காட்சியைப் பற்றிப் பேப்பரில் படித்தோம். ஆளைக் கண்ணை மூடித் தொட்டுப் பார்த்து, இருபது வயது கூட்டிச் சிலை செய்வதுதான் உன் பாணியாம். "என்னைச் செஞ்சா தலையில ஒரு முடியும் மிஞ்சாது" என்கிறார் உன் அத்தான். ஆனால் நம் தையல்காரர் சிலைக்கு இடது கண்ணை மூடி வைத்தாயே, அவருக்கு அதே கண் போய்விட்டதடி. தெருவே பேசுகிறது.

போன மாதம் வந்தபோது குட்டியின் முகத்தைத் தடவினாய் அல்லவா? அவளைச் செய்து கொடு. என் மகள் பெரியவளானால் எப்படி இருப்பாள் என்று பார்க்க ஆசை. ஊரில் இருக்கிறவர்களுக்கெல்லாம் செய்கிறாய், அக்கா மகளுக்கு நேரமில்லையா?

உன் அக்கா

மார்ச் 29

அன்பு அக்கா,

கோபிக்காதே. மண் சரியாக அமையவில்லை, வேறு மண் சொல்லியிருக்கிறேன். குட்டிக்கு ஓடினால் மூச்சு வாங்குகிறதா? சும்மாதான் கேட்கிறேன்.

தங்கை

ஏப்ரல் 6

அடியே,

மண்ணின் மேல் பழி போடாதே. காசு கொடுக்கிறவனுக்கு மட்டும் மண் அமைகிறதோ? ஓடினால் எந்தப் பிள்ளைக்குத்தான் மூச்சு வாங்காது! செய்ய மனமில்லை என்றால் நேராகச் சொல்லிவிடு.

அக்கா

ஏப்ரல் 10

அக்கா,

போனில் சொல்ல வாய் வரவில்லை. கூரியரில் அனுப்புகிறேன்.

உள்ளே நிற்கும் கம்பியைப் பெரியவள் உயரத்துக்குத்தான் கட்டினேன். கழுத்துவரை பெண்ணாக வந்துவிட்டாள். முகம் மட்டும் ஏழு வயதிலேயே நிற்கிறது. கன்ன எலும்பை எடுப்பாகச் செய்து வைத்துவிட்டுப் போகிறேன். காலையில் வந்து ஈரத்துணியை விலக்கினால் சின்னப் பிள்ளைக் கன்னம் உப்பிக்கொண்டு இருக்கிறது. நாலு முறை பிய்த்துப் போட்டுச் செய்தேன். இதுவரை யாருக்கும் இப்படி ஆனதில்லை.

என்னைப் பைத்தியம் என்று திட்டு, பரவாயில்லை. இன்றைக்கே குட்டியை டாக்டரிடம் கூட்டிப் போ. நெஞ்சைப் பார்க்கச் சொல்.

தங்கை

மே 18

தங்கமே,

குட்டி நேற்று வீட்டுக்கு வந்துவிட்டாள். கஞ்சியில் உப்பில்லை என்று என்னையே அதட்டுகிறாள். தையல் காய்ந்துவிட்டது. "இதயத்துல ஓட்டைம்மா. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா எங்க கையில இல்ல" என்று டாக்டர் சொன்னது இன்னும் காதிலேயே நிற்கிறது. என் பிள்ளையை எனக்குத் திருப்பிக் கொடுத்தவள் நீ. உன் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும்.

ஆனாலும் இனி வராதே.

ஆபரேஷன் அன்று ஓடி வந்து என் கண்ணீரைத் துடைத்தாய். துடைத்த விரல் என் கன்னத்தில் அப்படியே நின்றுவிட்டது. நீ வேண்டுமென்று செய்யவில்லை, எனக்குத் தெரியும். உன் முகம் மாறியதையும் பார்த்தேன். பிறகு நீ என் பக்கமே திரும்பவில்லை, அத்தானிடம் மட்டும் பேசிவிட்டுப் போய்விட்டாய்.

இருக்கிற நாளைக் குட்டியோடு நிம்மதியாக இருந்துவிட்டுப் போகிறேன். உன்னைப் பார்த்தால், உன் விரலுக்கு என்ன தெரிந்தது என்று கேட்டுவிடுவேன். கேட்டால் உனக்குப் பொய் சொல்ல வராது.

இதற்குப் பதில் எழுதாதே.

உன் அக்கா