ஸீட்டை இறக்கியவனுக்கு

மழையில் நின்ற வண்டியின் ஸீட்டை இன்று மதியம் துடைத்தேன். ஈரத் தோலும் பெட்ரோலும் கலந்த வாடை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்தது. அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

நாம் இருவரும் ஒரே மோட்டார் சைக்கிளை முறை வைத்து ஓட்டினோம். காலையில் நீ, மதியத்துக்கு மேல் நான். ராயபுரம் ஆபீசிலிருந்து எண்ணூர் தொழிற்சாலைக்குக் கப்பல் தபால் கொண்டுபோகும் வேலை. உலக யுத்தம் முடிந்ததும் வெள்ளைக்காரப் பட்டாளம் ஏலத்தில் விட்ட வண்டி அது. வெள்ளைக்காரச் சிப்பாயின் உயரத்துக்குச் செய்தது. நெட்டையனான எனக்குப் பொருந்தியது. காத்திவாக்கத்துக் குப்பத்தில் பிறந்த உனக்குத் தோள் அகலம், உயரம் குறைவு. வண்டியை நிறுத்தினால் கட்டைவிரல் நுனிதான் தரையைத் தொடும். கைப்பிடியை எட்டிப் பிடித்தே தோள்பட்டை விட்டுப்போகுது என்பாய்.

ஆனால் ஓட்டுவதில் நான் உனக்கு ஈடில்லை. திருவொற்றியூர் தாண்டி, ரோட்டில் மணல் ஏறிக் கிடக்கும் இடத்தில் நான் விறைத்துப்போய்ச் சறுக்குவேன். நீ கட்டுமரத்தில் மண்டியிட்டவனைப் போல, பெட்ரோல் டாங்கியை முழங்காலால் இறுக்கி, இடுப்பைத் தளர விட்டுப் போவாய். "முதுக கட்டையாட்டம் வெச்சுக்காத மாமு, அலை மேல குந்திகினு கீறன்னு நெனச்சுக்கோ" என்றாய்.

உன் முறை வந்ததும் ஸீட்டின் நெட்டை ஸ்பிரிங்கைக் கழற்றிக் குட்டை ஸ்பிரிங் போடுவாய். கைப்பிடியை உன் பக்கம் சாய்த்துக்கொள்வாய். மேனேஜர் அதைத் தடுத்தார். கம்பெனிச் சொத்தில் கை வைக்கக் கூடாதாம். வெள்ளைக்காரன் கப்பலேறிவிட்டான், அவன் கால் நீளம் மட்டும் இங்கே சட்டமாகத் தங்கிவிட்டது.

அடுத்த மழையில், டிராம் தண்டவாளத்தருகே ஒரு கைவண்டி உனக்குக் குறுக்கே வந்தது. நிறுத்தினாய். கால் எட்டவில்லை. வண்டியோடு சாய்ந்தாய். முழங்கை தேய்ந்தது, தபாலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் குட்டை ஆள் இந்த வேலைக்கு ஆகாது என்று ஆபீஸ் முற்றத்தில் எல்லார் முன்னாலும் மேனேஜர் சொன்னார்.

நீ சிரித்தாய். "இன்னா சார், கம்பெனி எனுக்குக் காலு வளத்துக் குடுக்குமா?"

அவர் கத்தக் கத்த, ஸ்பானரை எடுத்து ஸீட்டை இறக்கி, கைப்பிடியையும் உன் பக்கம் சாய்த்தாய். முற்றத்தைச் சுற்றி வந்து அவர் ஷூவுக்கு முன்னால் நிறுத்தினாய், இரண்டு பாதமும் தரையில். அடுத்து என்னை ஏறச் சொன்னாய். ஏறினேன். முதல் திருப்பத்திலேயே கைப்பிடி என் முழங்காலில் இடித்து, வண்டி சுவரைப் பார்த்துப் போனது. மூட்டை தூக்குகிறவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"இப்ப யாரு சார் லாயக்கில்லாதவன்?" என்று கேட்டாய்.

 அந்தக் கேள்விக்காகவே அன்று உன்னை வேலையை விட்டு நிறுத்தினார். அப்பனோடு கட்டுமரம் ஏறினாய். ஐப்பசிப் புயலில் அந்த மரம் கரைக்கு வரவில்லை. கடல் கொண்டுபோய்விட்டது என்கிறார்கள். ரோட்டில் இருக்கவேண்டியவனைக் கடலுக்கு அனுப்பியது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இப்போது காலை முறைக்கு வந்திருப்பவனும் குட்டைதான். மேனேஜர் தருகிற சம்பளத்துக்கு நெட்டை ஆள் யாரும் வரவில்லை. தினமும் என் முறை முடிந்ததும் அவர் ஜன்னலுக்கு நேரே வண்டியை நிறுத்தி, அவனுக்காக ஸீட்டை இறக்குகிறேன். அவர் பார்க்கிறார். நானும் பார்க்கிறேன். இதுவரை அவர் தடுக்கவில்லை. தடுக்கட்டும். போ என்றால் போகிறேன். இன்னொருவன் காலுக்கு எட்டாத உயரத்தில் அந்த ஸீட்டை விட்டுவிட்டுப் போகமாட்டேன்.