ஜன்னலைப் பார்ப்பவர்கள்

ஜூலை 3, இரவு

அன்புள்ள அத்தைக்கு,

பெரியவன் உங்களிடம் நலமா? இங்கே சின்னவன் நலமாக இல்லை. போன வருடம் ஆபரேஷனுக்கு முந்தின நாள், "ரெண்டு கிட்னியில பெரியவன் என்கூட இருக்கட்டும், சின்னவன உனக்குத் தத்துக் குடுக்கறேன்" என்று சிரித்தீர்களே, அன்றிலிருந்து நானும் அவனை அப்படித்தான் கூப்பிடுகிறேன்.

அம்மா தன் போனில் உங்கள் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாள். அதனால்தான் போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். பள்ளி வாசலில் நிற்கும் உங்கள் டிப்போ பஸ் டிரைவர் மாமாவிடம் காலையில் கொடுத்துவிடுவேன்.

கிரியேட்டினின் ஒன்றிலிருந்து ஒன்று புள்ளி ஆறு ஆகிவிட்டது. அந்த எண் ஏறினால் சின்னவன் களைத்துப்போகிறான் என்று அர்த்தம். டாக்டர் பல காரணம் சொன்னார். காய்ச்சல், தண்ணீர் போதாமை, வலி மாத்திரை, மாத்திரை விட்டுப்போவது, கொடுத்தவர் வயது. அம்மா கடைசியை மட்டும் பிடித்துக்கொண்டாள். அன்று போனில் உங்களிடம், "ஓடாத வண்டிய எங்க தலையில கட்டிட்டீங்களே அண்ணி" என்று கேட்டாள். நீங்கள் "மன்னிச்சிடும்மா" என்று மட்டும் சொன்னீர்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அத்தை, வண்டியில் கோளாறு இல்லை. நான்தான்.

சின்னவனை என் உடம்பு எதிர்க்காமல் இருக்கத் தினமும் ஒரு மாத்திரை, காலை எட்டு, இரவு எட்டு. அதைப் போட்டால் கை நடுங்குகிறது. ஆய்வகத்தில் சோதனைக் குழாயைப் பிடித்தால் கண்ணாடி டக்டக்கென்று அடிக்கும். "கிழவி வந்துட்டா, ஊன்றுகோல் குடுங்கடி" என்று சிரிப்பார்கள். இரவு மாத்திரையை விட்டால் மறுநாள் நடுக்கம் குறைகிற மாதிரி இருந்தது. முதலில் வாரத்துக்கு ஒன்று விட்டேன். பிறகு மூன்று, நான்கு. அம்மா தட்டில் வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போகும்போது ஒளித்துவிடுவேன். பழைய ஜியாமெட்ரி பாக்ஸில் முப்பத்தெட்டு கிடக்கின்றன.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று. பரிசோதனை அன்று இரத்தம் எடுத்த பிறகுதான் காலை மாத்திரை போட வேண்டும். மாட்டிக்கொள்வேனோ என்று பயந்து, முன்பே ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொண்டு போனேன். இரத்தத்தில் மருந்து அதிகமாக இருக்கிறது என்று டாக்டர் அளவைக் குறைத்துவிட்டார். குறைத்ததிலும் நான் விட்டேன்.

வெள்ளிக்கிழமை சின்னவனிடமிருந்து ஒரு துணுக்கு எடுத்துப் பார்க்கப் போகிறார்கள். சொன்னால் அம்மா உடைந்துபோவாள். சொல்லாவிட்டால் அவன் செத்துப்போவானா? எழுத்து ஆடுகிறது பாருங்கள். இது மாத்திரையால் இல்லை.

உங்கள்
கிட்னித் திருடி


ஜூலை 4, மாலை

என் தங்கத்துக்கு,

டிப்போ படிக்கட்டில் உட்கார்ந்து, டிக்கெட் பையை மடியில் வைத்து எழுதுகிறேன். உன் டிரைவர் மாமா ஹாரன் அடிக்கிறார். "லவ் லெட்டரா? சீக்கிரம் முடி தாயே" என்கிறார்.

இருபது வருடமாக நான் கண்டக்டர். டிக்கெட் எடுக்காதவர்கள் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். ஜன்னலைப் பார்ப்பார்கள். போன மாதம் வந்தபோது, "மாத்திர போட்டியாடி?" என்று கேட்டேன். நீ ஜன்னலைப் பார்த்தாய். எனக்குப் புரிந்துவிட்டது. பிள்ளை முகம் வாடிவிடுமே என்று மேலே கேட்காமல் வந்துவிட்டேன்.

உன் அம்மா திட்டிய பிறகு போய் என் இரத்தத்தையும் சோதித்தேன். பெரியவன் கல்லு மாதிரி இருக்கிறான். அந்தத் தாளைக் காட்டினால் அவள் பார்வை அடுத்தது உன் மேல்தான் விழும். அதனால் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன், மடச்சி. நான் வாயை மூடிக்கொண்டிருந்த நாளெல்லாம் அடி வாங்கியது சின்னவன்.

இதைப் படித்து முடித்ததும் சொல். நாளைக்கு என்று வைக்காதே. வாய் வரவில்லை என்றால் என் கடிதத்தை நீட்டு. இரண்டு மாத்திரை போட்ட நாளையும் டாக்டரிடம் மறைக்காதே. கை நடுக்கத்தையும் சொல், அதற்கும் ஏதாவது வழி வைத்திருப்பார்.

கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற ஆள் இல்லை நான். சின்னவன் போனாலும் நீ எனக்கு வேண்டும். விளையாட்டுக்கு வைத்த அந்தத் திருடிப் பெயரை இனிமேல் போடாதே.

அன்புடன்
அத்தை


ஜூலை 11, மருத்துவமனை, பகல்

அன்புள்ள அத்தைக்கு,

இதைப் பகலில், அம்மா பக்கத்தில் இருக்கும்போதே எழுதுகிறேன்.

அன்று உங்கள் கடிதத்தையும் ஜியாமெட்ரி பாக்ஸையும் சேர்த்து நீட்டினேன். அம்மா திட்டுவாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். மாத்திரைகளை அவள் ஒவ்வொன்றாக எண்ணுவது கேட்டது. பிறகு, "நாந்தானே தட்டுல வெச்சுட்டுத் தண்ணி எடுக்கப் போனேன்" என்றாள். அப்பா செருப்புகூடப் போடாமல் வண்டி பிடிக்க ஓடினார்.

உடம்பு சின்னவனை வெளியாள் என்று நினைத்து எதிர்த்திருக்கிறதாம். மூன்று நாள் மருந்து ஏற்றினார்கள். இன்று ஒன்று புள்ளி மூன்று. "பழைய ஒண்ணு இனிமே வராது, கொஞ்சம் தழும்பு விழுந்திடுச்சு. இதப் பத்திரமா வெச்சுக்கிட்டா ரொம்ப வருஷம் ஓடும்" என்றார் டாக்டர். கை நடுக்கத்துக்காக வேறு வகை மாத்திரைக்கு மாற்றியிருக்கிறார். "மொதல்லயே சொல்லியிருந்தா அப்பவே மாத்தியிருப்பேனே" என்றபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்தப் புள்ளி மூன்று என்னுடையது, அத்தை. அதை நான்தான் கூடவே வைத்துக்கொள்ள வேண்டும்.

இரவு எட்டு மணிக்கு அம்மா முதலில் தண்ணீரை வைத்துவிட்டுத்தான் மாத்திரையை எடுக்கிறாள். விழுங்கியதும் "நாக்கக் காட்டு" என்கிறாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி காட்டுகிறேன்.

உங்கள் கடிதம் அவள் கைப்பையில் இருக்கிறது. மடித்து மடித்து மூலை கிழிந்துவிட்டது. இதற்குக் கீழே அவள் ஏதோ எழுத வேண்டுமாம். என்னைத் திரும்பிப் படுக்கச் சொல்கிறாள்.

உங்கள்
தங்கம்

அண்ணி,

உங்கள் எண்ணைத் திறந்து மூன்று நாளாகிறது. கூப்பிட வாய் வரவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீங்களே வந்து டிக்கெட் கேளுங்கள்.