அறுபத்தோராவது அட்டை

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உறையின் மேல் கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். தெரிந்தும் பிரித்தாயே, அதற்கே ஒரு நன்றி. ஒன்பது வருஷம் கழித்துக் கடிதம் போடுகிறாளே, யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறாதே. எல்லோரும் நலம். உன் மாமாவுக்கு முழங்கால் வலி மட்டும். அதுவும் கடைக்குப் போய் வரச் சொன்னால்தான் வரும்.

இது ஆபீஸ் விஷயம். எங்கள் ஆங்கிலம்-தமிழ் அகராதி 'ஆர்' எழுத்துக்கு வந்துவிட்டது. வார்த்தைகளைப் பங்கு போட்டதில் என் தலையில் விழுந்தது 'ரன்'. "சின்ன வார்த்தைதானே, வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சுடறேன்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். அந்த வெள்ளிக்கிழமை போய் நாலு மாசம் ஆகிறது. பள்ளிக்கூடத்தில் 'ஓடு' என்று ஒரே அர்த்தம் எழுதி மார்க் வாங்கிக்கொண்டு வந்தோமே, நினைவிருக்கிறதா? இங்கே மனுஷன் ஓடுகிறான், பஸ் ஓடுகிறது, குழாயில் தண்ணீர் வருகிறது, மூக்கு ஒழுகுகிறது, நாடகம் நூறு நாள் நடக்கிறது, தேர்தலில் ஒருவர் நிற்கிறார். நிற்கிறவருக்கும் ரன்தானாம்! இதுவரை அறுபத்தொரு பொருள் சேர்ந்திருக்கிறது. பொருளுக்கு ஒரு அட்டை, அட்டைக்கு ஒரு எடுத்துக்காட்டு வாக்கியம்.

அந்த வாக்கியத்தில்தான் வில்லங்கம். எங்கள் தலைமைப் பதிப்பாசிரியர், நாங்கள் பெரியவர் என்போம், ஒரு பிடிவாதம் வைத்திருக்கிறார். எடுத்துக்காட்டு நிஜமாக நடந்ததாக இருக்க வேண்டும். "கற்பனையா எழுதினா படிக்கிறவனுக்குத் தெரிஞ்சுபோயிடும்மா" என்பார். அறுபத்தொரு நிஜத்துக்கு நான் எங்கே போவேன்? நம் வீட்டுக் கீழ்த்தளத்துச் சலவைக் கடையை நீ கிளம்பின மாசமே மூடிவிட்டோம். இப்போது அங்கே கடிகாரம் ரிப்பேர் பண்ணுகிறவர் இருக்கிறார். நீயோ அந்த ஊரில் சொந்தமாகச் சலவைக் கடை நடத்துகிறாய். உன் கடையில் இந்த வார்த்தை எங்கெல்லாம் வருகிறது என்று எழுதி அனுப்பு.

ஆபீஸ் விஷயம்தான், வேறொன்றுமில்லை.

அக்கா


மார்ச் 10

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. ஆபீஸ் விஷயம் என்பதால் பதில் போடுகிறேன். வேறு தாள் இல்லை, பில் புத்தகத்தின் பின்பக்கம்.

மிஷின் ஓடுவது. தண்ணீர் ஓடுவது. கடை ஓடுவது. (ஏதோ ஓடுகிறது.) மெல்லிய காலுறையில் ஒரு இழை அறுந்தால் ஏணி மாதிரி கணுக்கால் வரை பிரிந்துகொண்டே போகும், அதையும் ரன் என்றுதான் ஒரு வாடிக்கைக்காரம்மா சொல்வார். அப்புறம் சாயம். அதை மட்டும் 'சாயம் போதல்' என்று எழுதித் தொலைக்காதே. வெளுத்துப் போவது அந்தத் துணியின் பாடு. ரன் ஆவது பக்கத்தில் கிடக்கிற துணியின் பாடு. இதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"அகராதி பிடிச்சவ" என்று அம்மா உன்னைச் சின்ன வயதிலேயே திட்டுவார். பலித்துவிட்டது.

இன்னும் பேனா மூடியைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறாயா?

தம்பி


மார்ச் 15

அன்புள்ள தம்பிக்கு,

உன் பில்லைப் பெரியவரிடம் காட்டினேன். முன்பக்கம் 'சட்டை நாலு, போர்வை ஒன்று' என்று இருந்ததையும் சேர்த்துப் படித்தார். பிறகு சாயத்தைப் பற்றி நீ எழுதியதற்கு வந்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நாம ஆறு பேர் உக்காந்து மண்டையை உடைச்சுக்கிட்டதை இவர் ரெண்டு வரியில முடிச்சுட்டாரே" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. என் தம்பி என்று நாலு மேசைக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

பேனாவை விட்டுவிட்டேன். இப்போதெல்லாம் பென்சில்தான்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன் கல்யாண அழைப்பிதழ் வந்தது. அச்சடித்தது மட்டும்தான் இருந்தது. ஓரத்தில் 'அக்கா, வா' என்று இரண்டு வார்த்தை கிறுக்கியிருந்தால் ஓடி வந்திருப்பேன். அதற்கென்று எடுத்த பச்சைத் துணியைத் தைத்துக்கூட வைத்தேன். இன்னும் உடுத்தாமல் பீரோவில் இருக்கிறது. பீரோவைத் திறக்கும்போதெல்லாம் உன்னைத் திட்டுகிறேன், மூடும்போது அழுகை வருகிறது.

மூக்கு ஒழுகுவதற்கு நிஜமான வாக்கியம் கிடைக்கவில்லை. எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளை இல்லையே. உன் மாமாவின் மூக்கு ஒழுகும்தான், ஆனால் அகராதியில் போடுகிற அளவுக்கு அதில் அழகில்லை.

அன்புடன்,
அக்கா


மார்ச் 24

அன்புள்ள அக்கா,

மூக்கு ஒழுக வேண்டும், அவ்வளவுதானே? வீட்டில் ஒன்று கைவசம் இருக்கிறது. உன் மருமகளுக்கு ஐந்து வயது. எழுதிக்கொள்: 'என் மகளுக்குத் திங்கட்கிழமை காலையில் மூக்கு ஒழுகும், பள்ளிக்கூடம் லீவு என்றால் நின்றுவிடும்.' நூற்றுக்கு நூறு நிஜம். பெரியவர் வேண்டுமானால் நேரில் வந்து பார்க்கட்டும்.

சட்டைப் பொத்தானை ஒன்று தள்ளிப் போட்டுக்கொண்டு நிற்பாள். "தப்பா போட்டிருக்கே" என்றால், "சட்டைதான் தப்பு" என்பாள். குடும்பத்தில் ஒரு குணம் வழிவழியாக வருவதற்கும் உன்னிடம் அட்டை இருக்குமே, 'எங்கள் குடும்பத்தில் பிடிவாதம் ஓடுகிறது' என்று எழுது. சாட்சிக்கு நாம் மூன்று பேர் இருக்கிறோம்.

உன் கடிதம் வந்தால் மடியில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். "அத்தைக்கு எல்லா வார்த்தையும் தெரியுமாப்பா?" என்று கேட்டாள். "தெரியும், ஆனா ஒரு வார்த்தை பேச ஒன்பது வருஷம் ஆகும்" என்றேன். என் மனைவி தொடையில் கிள்ளினாள். "நீங்க மட்டும் என்னவாம்? அண்ணியை வரச் சொல்லி எழுதுங்க" என்கிறாள். அவள் சொன்னாள் என்று எழுதுகிறேன்.

அழைப்பிதழில் எழுதத்தான் உட்கார்ந்தேன் அக்கா. அதை இன்னொரு நாள் சொல்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 3

அன்புள்ள தம்பிக்கு,

மருமகளின் மூக்கு ஏகமனதாகத் தேர்வாகிவிட்டது. அறுபது அட்டை முடிந்தது. மிச்சம் ஒன்றே ஒன்று, சாயம்.

அதற்கு முதலில் 'மழையில் நனைந்த திரைச்சீலையின் சாயம் சுவரில் இறங்கியது' என்று எழுதிக் கொடுத்தேன். பெரியவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "இது எந்தச் சுவரும்மா?" என்றார். அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நாலு நாள் யோசித்து, நிஜத்தை எழுதினேன். அவரிடம் கொடுப்பதற்கு முன் உனக்கு அனுப்புகிறேன், நகல் எடுக்கவில்லை. வேண்டாம் என்றால் கிழித்துப் போட்டுவிடு.

அட்டை 61. ரன்: ஒரு பொருளின் சாயம் கசிந்து வேறு துணியில் ஏறுதல். எ-டு: என் கோட்டுப் பையில் இருந்த சிவப்புப் பேனா கசிந்து, ஆய்வுக்கூடத்தின் நாற்பத்திரண்டு வெள்ளைக் கோட்டுகளிலும் சாயம் ஏறியது, பழியை நான் தம்பி மேல் போட்டேன்.

ஆமாம் தம்பி, என் பேனாதான். இங்கே பழைய தாள்களின் தூசுக்காக நாங்களும் வெள்ளைக் கோட்டுப் போடுவோம் அல்லவா? அன்றைக்கு ஆபீஸிலிருந்து வந்த அவசரத்தில் என் கோட்டையும் அந்தக் கூட்டத்தோடு மிஷினில் திணித்துவிட்டு மாடிக்குப் போனேன். பையைப் பார்க்கவில்லை. 'பையைப் பார்க்காமல் துணியைப் போடாதே' என்று கடைச் சுவரில் எழுதி மாட்டியதே நான்தான்! கோட்டெல்லாம் ரோஜா நிறத்தில் வெளியே வந்தபோது, நீ பக்கத்துக் கூடையிலிருந்த சிவப்பு மேசை விரிப்பைச் சேர்த்துப் போட்டுவிட்டாய் என்று நினைத்தேன். ஆய்வுக்கூடத்து ஆட்கள், வாடிக்கைக்காரர்கள் எல்லோர் முன்னாலும், "உன்னை நம்பினதுக்கு நான் குட்டிச்சுவத்துலதான் போய் முட்டிக்கணும்" என்றேன். நீ ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் காலை மிஷினில் தண்ணீர் வடியவில்லை. வடிகட்டியைக் கழற்றினேன். என் பல் பதிந்த பேனா மூடி. உன் அறைக்கு ஓடினேன். படுக்கை மடித்து வைத்திருந்தது, பஸ் போயிருந்தது. அன்றைக்கே பின்னாலேயே வந்து சொல்லியிருக்க வேண்டும். வெட்கமாக இருந்தது. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன், ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. மூடியை இன்னும் வைத்திருக்கிறேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்கத்தான் ஆபீஸ் விஷயம் என்று ஆரம்பித்தேன்.

அக்கா


ஏப்ரல் 17

தம்பி,

இரண்டு வாரமாகப் பதில் இல்லை. தபால்காரர் என்னைப் பார்த்தாலே இப்போது சைக்கிளை எதிர்ப் பக்கம் ஓட்டிப் போகிறார். அவர் என்ன செய்வார் பாவம்.

அச்சுக்கு இருபத்தைந்தாம் தேதி போகிறது. அட்டை போனால் போகட்டும், அறுபது பொருளோடு அகராதி வரட்டும். நீ நாலு வார்த்தை திட்டியாவது எழுது. மருமகளை முகம் பார்க்காமலே எனக்குப் பிடித்துப்போய்விட்டது, மறுபடி எல்லாம் இல்லை என்று ஆகிவிடக் கூடாது.

அக்கா


ஏப்ரல் 20

அன்புள்ள அக்கா,

கோபமெல்லாம் இல்லை. ஒரு சாமானைத் தேடிக்கொண்டிருந்தேன். வீடு மாறினபோது எந்த டப்பாவில் வைத்தேன் என்று மறந்து, கடைசியில் பொத்தான் டப்பாவின் அடியில் கிடைத்தது. இந்தப் பார்சலில் கைக்குட்டைக்குள் இருக்கிறது, பிரித்துப் பார்.

பார்த்தாயா? உன் பேனாதான். கோட்டுகளை வெளியே எடுக்கும்போதே கையில் தட்டுப்பட்டது. நீ கத்த ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே என் பாக்கெட்டுக்குள் போய்விட்டது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். இந்த ஊரில் கடைக்கு இடம் பிடித்துச் சாவி வாங்கி அப்போதே மூன்று வாரம் ஆகியிருந்தது. அப்பா போன பிறகு என்னை ஆளாக்கியது நீ. உன் முகத்தைப் பார்த்து "தனியா போறேன்" என்று சொல்ல வாய் வரவில்லை. தினமும் மாடிப்படி வரை வந்து திரும்பிப் போவேன். அன்றைக்கு நீ திட்டினாய். எனக்கு வலித்தது, பொய் சொல்லமாட்டேன். கூடவே 'அப்பாடா' என்றும் இருந்தது. பேனாவைக் காட்டியிருந்தால் நீ அழுதிருப்பாய், நான் நின்றிருப்பேன். உன் தப்பைச் சாக்காக வைத்துக்கொண்டு கிளம்பினவன் நான். அழைப்பிதழில் எழுத உட்கார்ந்தபோது, இதைச் சொல்லாமல் 'அக்கா, வா' என்றால் அதுவே பொய்யாகப் பட்டது. அதனால் ஒன்றும் எழுதாமல் அனுப்பினேன். எவ்வளவு பெரிய முட்டாள்தனம், பார்.

உன் அட்டையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒரே ஒரு திருத்தம். 'பழியை நான் தம்பி மேல் போட்டேன்' என்பதை அடித்துவிட்டு, 'பழி இருவருக்கும் வசதியாக இருந்தது' என்று எழுதியிருக்கிறேன். பெரியவருக்கு நிஜம்தானே வேண்டும்?

மூடியைத் தபாலில் அனுப்பாதே. நீயே கொண்டு வா. இதை என் மனைவி சொல்லவில்லை, நான்தான் சொல்கிறேன்.

உன் தம்பி


ஏப்ரல் 24

என் அருமைத் தம்பிக்கு,

பார்சலை ஆபீஸிலேயே பிரித்துவிட்டேன். அழுதேன், சிரித்தேன், மறுபடி அழுதேன். பக்கத்து மேசைக்காரர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டு வந்தார். படவா, மூன்று வாரமாகச் சாவியைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டாயா? நேரில் வந்து காதைத் திருகுகிறேன்.

அட்டையைப் பெரியவரிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். "நடந்ததுதானே?" என்றார். "நடந்ததுதாங்க" என்றேன். பென்சிலை எடுத்துப் பின்பாதியை அடித்துவிட்டார். "முதல் பாதி அகராதிக்குப் போதும்மா. மிச்சத்தை நீங்க வீட்டுல வெச்சுக்குங்க" என்றார். நாளைக்கு அச்சுக்குப் போகிறது, அறுபத்தொன்றும் சேர்ந்து. முன்னுரையில் நன்றி சொல்கிற இடத்தில் 'ஒரு சலவைக் கடைக்காரருக்கும் அவர் மகளின் மூக்குக்கும்' என்று எழுதச் சொன்னேன், மூக்கை மட்டும் எடுத்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறோம். மாமாவின் முழங்கால் வலி நேற்றிலிருந்து காணவில்லை. மருமகளிடம் சொல், பொத்தானை அவள் இஷ்டப்படியே போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு வரட்டும், அத்தை ஒன்றும் சொல்லமாட்டாள். நான் அந்தப் பச்சைத் துணியைத்தான் உடுத்தி வருவேன். மூடி என் கோட்டுப் பையில் இருக்கும்.

கசங்கின கோட்டு, வந்ததும் துவைக்கப் போட வேண்டும். பையை மட்டும் நீ ஒரு தடவை பார்த்துவிடு.

வந்துகொண்டிருக்கிற,
அக்கா