வராத வெள்ளமும் உன் அக்காவும்

அன்புள்ள சின்னவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது, மனசைப் பற்றிக் கொஞ்சம் கீழே எழுதுகிறேன். அங்கே நீயும் மருமகளும் என் வாயாடிப் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். முதலில் நல்லதையெல்லாம் சொல்லிவிடுகிறேன். உன் அக்கா மகன் சதுரங்கத்தில் கோப்பை வாங்கி வந்திருக்கிறான், அவன் இடுப்பு உயரம் இருக்கிறது, வைக்க இடமில்லாமல் ஃபிரிட்ஜ் மேல் நிற்கிறது, கதவைத் திறந்தால் ஆடுகிறது, நான் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டுதான் தினமும் பால் எடுக்கிறேன். அவன் தங்கை குட்டி நீச்சலில் முதலாவதாக வந்தாள், ஆனால் வீட்டில் குளிக்கச் சொன்னால் தண்ணீரைக் கண்டு ஓடுகிறாள். உன் சித்தப்பா பேத்தி பல் வைத்தியம் படித்து முடித்துவிட்டாள், முதல் ஆளாக என்னை உட்கார வைத்து வாயைத் திறக்கச் சொல்லி, பாட்டி நீங்க ஒருத்தர் போதும் நான் கிளினிக்கே நடத்திடுவேன் என்கிறாள். உன் மகள் பள்ளியில் மேடையேறிப் பேசினதை நீ போனில் அனுப்பினாயே, அதை மளிகைக்கடைக்காரருக்கும் மேல்வீட்டுத் தையல்காரிக்கும் காட்டினேன். அவள் பேசின மொழி ஒருவருக்கும் விளங்கவில்லை, ஆனாலும் கையை நீட்டி நீட்டி அதட்டுறத பாத்தா அப்படியே நீங்கதாம்மா என்று தையல்காரி சொன்னாள், எனக்கு அது போதும். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனவள் குடும்பத்தில் இத்தனையும் நடக்கிறது என்றால் கொஞ்சம் தலைக்கனம் வரத்தான் செய்கிறது, வந்தால் வந்துவிட்டுப் போகட்டும்.

இனி உன் அக்கா விஷயம், இதற்காகத்தான் இந்தக் கடிதமே. உன் அழைப்பு வந்தால் அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கிறாள். நீயும் முதலில் தினமும் கூப்பிட்டாய், பிறகு வாரம் ஒரு முறை ஆனது, இப்போது அதுவும் இல்லை. நான் இருக்கும்போதே என் பிள்ளைகள் இரண்டு பேரும் இப்படி ஆகிவிட்டால் நான் போன பிறகு யார் யாரைக் கூப்பிடப் போகிறீர்கள் என்று படுத்தால் தூக்கம் வரமாட்டேன் என்கிறது. நடந்ததை நீ அரைகுறையாகத்தான் கேட்டாய். பக்கத்திலிருந்து பார்த்தவள் நான், முழுவதும் எழுதுகிறேன், அவசரப்படாமல் படி.

நீர் வாரியத்தில் அவளிடம் இரண்டு பிரிவு இருந்தது உனக்குத் தெரியும். எந்தத் தெருவில் குழாய் நிற்கும், அணை எப்போது திறக்கும் என்று ஊருக்குச் சொல்லும் செய்திப் பிரிவு ஒன்று, அலுவலகத்து ஆட்களுக்கே வேலையையும் நிர்வாகத்தையும் பழக்கும் பயிற்சிப் பிரிவு ஒன்று. இரண்டையும் ஒரே ஆளாக மேற்பார்வை பார்ப்பது அவள்தான் முதல் என்று நான் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அங்கேதான் வினை இருந்தது. ஒருவர் எழுதி, இன்னொருவர் படித்துப் பார்த்துச் சரி சொன்னால்தான் ஊருக்குச் செய்தி போகும், அது அவளே கொண்டுவந்த முறை. வெள்ளம் வந்தால் எப்படி எச்சரிப்பது என்று ஒரு பயிற்சி வகுப்பு வைத்தாள். விளையாட்டுக் கம்ப்யூட்டரில் பழகினால் கை வராது, நிஜத்தில் பழகட்டும் என்று செய்தி அனுப்பும் கம்ப்யூட்டரையே வகுப்புக்குக் கொடுத்தாள், ஒவ்வொரு முறையும் சரி கேட்டுக்கொண்டிருந்தால் வகுப்பு நகராது என்று இன்னொருவர் சரி சொல்லும் அந்த இரண்டாவது பூட்டையும் எடுத்துவிட்டாள். அதற்குப் பயிற்சிப் பிரிவு கேட்க வேண்டும், செய்திப் பிரிவு அனுமதி தர வேண்டும். வேறு ஒருவர் அங்கே இருந்திருந்தால் எதுக்கும்மா இது என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பார். கேட்டவளும் இவள், கொடுத்தவளும் இவள்.

மீட்டர் பார்க்கும் பிரிவிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு பெரியவர், ஓய்வுபெறப் போகிற வயசு, சொல்லிக்கொடுத்தபடியேதான் அழுத்தினாராம். நிஜக் கம்ப்யூட்டர் ஆயிற்றே, வகுப்பில் இருந்தவர்கள் போனுக்கு மட்டும் போக வேண்டியது ஆற்றோரத்தில் இருக்கிற எல்லார் போனுக்கும் போய்விட்டது. எனக்கும் வந்தது. அணை திறந்தாகிவிட்டது, உடனே மேட்டுக்குப் போங்கள் என்று இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன், என் மகள் ஆபீஸ் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று மாத்திரைப் பையையும் குட்டியையும் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கிக் கத்தினேன். தயங்கி நின்றவர்களையும் கிளப்பினது நான்தான். எல்லோரும் தையல்காரி வீட்டுக்கு மாடியேறினோம், அந்த நெரிசலில் மளிகைக்கடைக்காரர் படியில் விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. நாங்கள் ஜன்னல் வழியாக ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றோம், அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கட்டுப் போட்டுக்கொண்டு வந்த பிறகு அவர் என்னிடம், உங்க பொண்ணு திறந்துவிட்ட தண்ணி இன்னும் வந்து சேரலையாம்மா, வழியில டிராபிக்கா என்று கேட்டார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை எனக்கு.

உடனே மறுப்புச் செய்தி போக வேண்டும். தொழில்நுட்பக் கோளாறுன்னு போட்டுடுங்க, வேலை முடிஞ்சுது என்று இயக்குநர் சொன்னாராம். இவள் அப்படிப் போடவில்லை. முன்பு வந்த செய்தி தவறு, அணை திறக்கவில்லை, எங்கள் பயிற்சியில் நடந்த பிழை, பொறுப்பு என்னுடையது என்று எழுதிக் கீழே தன் பெயரையும் போட்டு அனுப்பிவிட்டாள். இயக்குநர் கத்தினாராம். சார், கோளாறுன்னு சொல்லிட்டா நாளைக்கு நிஜமா தண்ணி வரும்போது இதுவும் கோளாறுதான்னு ஜனங்க வீட்டுலயே உக்காந்துடுவாங்க சார் என்று இவள் சொன்னாளாம். அன்று ராத்திரிதான் நீ கூப்பிட்டாய். அழுத்துனது அந்த ஆளு, நீ எதுக்கு கழுத்த நீட்டுற, பதவி உயர்வு வர்ற நேரத்துல பைத்தியமா உனக்கு என்று நீ சொன்னது பக்கத்தில் இருந்த எனக்கும் கேட்டது. மறைக்காமல் எழுதுகிறேன், அப்போது நானும் மனசுக்குள் உன் பக்கம்தான். மகள் இணை இயக்குநர் ஆகப்போகிறாள் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தவள் ஆயிற்றே நான்.

விசாரணையில் அந்தப் பெரியவரைத்தான் முதலில் நிற்க வைத்தார்களாம். உன் அக்கா எழுந்து, அவர் நான் சொன்னத செஞ்சாரு, ரெண்டு பிரிவும் ஒருத்தர் கையில இருந்ததுதான் தப்பு, அத பிரிச்சுடுங்க என்றாளாம். பிரித்துவிட்டார்கள். செய்திப் பிரிவு வேறொருவருக்குப் போய்விட்டது, பதவி உயர்வும் அவரோடு போயிற்று. இவளுக்குப் பயிற்சிப் பிரிவு மட்டும் மிச்சம், உட்காரப் படிக்கட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. இனிமேல் எந்த எச்சரிக்கை போனாலும் கீழே பொறுப்பானவர் பெயர் இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். மாப்பிள்ளை அன்றைக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டுக் குட்டிக்குத் தலை வாரிவிடப் போய்விட்டார், நல்ல மனுஷன்.

போன வாரம் மேலே நல்ல மழை, நிஜமாகவே எச்சரிக்கை வந்தது. மளிகைக்கடைக்காரர் கட்டுக் கையோடு வந்து, கீழ பேரு போட்டிருக்காம்மா பாருங்க என்றார். போட்டிருந்தது, புது ஆளின் பெயர். சரி வாங்க ஏறுவோம் என்று அவரே முதலில் படியேறினார், மற்றவர்களும் முணுமுணுக்காமல் ஏறினார்கள். தண்ணீர் எங்கள் வாசல்படி வரை வந்துவிட்டுத் திரும்பியது. அப்போதுதான் தம்பி எனக்கு உறைத்தது, அன்றைக்கு அவள் கோளாறு என்று எழுதியிருந்தால் இன்றைக்கு இந்தத் தெருவில் ஒருத்தர்கூட அசைந்திருக்க மாட்டார்கள். சாயங்காலம் இதை அவளிடம் சொன்னேன், துணி மடித்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. மடித்த துணியை அடுக்கி வைத்துவிட்டு, பதவி போனதுகூட ஒண்ணும் இல்லம்மா, நான் அந்த மனுஷன் மேல பழிய போடுவேன்னு தம்பி நினைச்சுட்டானே என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவளுக்கு வலிக்கிற இடம் அதுதான். நீ அவள் நல்லதுக்காகத்தான் சொன்னாய், தூரத்தில் இருக்கிறவனுக்குப் பயம் இரண்டு மடங்காகத் தெரியும், அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் அதை நான் சொன்னால் அவளுக்கு ஆறாது, நீதான் சொல்ல வேண்டும். நீட்டி முழக்க வேண்டாம், நான் அப்படிச் சொன்னது தப்புக்கா என்று ஒரு வரி போதும். பிறகு அவள் வகுப்பைப் பற்றிக் கேள், அந்தப் பெரியவர் இப்போது நன்றாகப் பழகிவிட்டாராம், அதைச் சொல்லும்போது மட்டும் அவள் முகம் பழைய மாதிரி ஆகிறது.

குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே, ஆபீஸ் வேலையைச் சாப்பாட்டு மேஜைக்குக் கொண்டுவராதே, மருமகள் பேசும்போது போனைப் பார்க்காதே. பேத்திக்கு என் முத்தம். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருவரையொருவர் விட்டுக்கொடுக்காமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும் என்று வாழ்த்துகிறேன்.

ஒன்றை மறந்துவிடாதே. அக்காவின் அறையில் ஜன்னல் இல்லை, மேஜைமேல் ஒன்றுமே இல்லை, நான் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். நீங்கள் மூன்று பேரும் சேர்ந்து நிற்கிற மாதிரி புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு. போனில் அனுப்பினால் அவள் பார்த்தாளா இல்லையா என்று எனக்கும் தெரியாது உனக்கும் தெரியாது. வீட்டுக்கு வேண்டாம், அவள் ஆபீசுக்கே அனுப்பு, உறையின்மேல் உன் கையெழுத்திலேயே அவள் பெயரை எழுதி, கீழே பயிற்சிப் பிரிவு மேற்பார்வையாளர் என்று தெளிவாகப் போடு.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு பேருக்கும்
அம்மா