முள்ளம்பன்றியும் ஆர்வோவின் கோட்டும்

செப்டம்பர் 4, சனி

நாய் டூலி மறுபடியும் முள்ளம்பன்றியிடம் போய் மூஞ்சியைக் கொடுத்துவிட்டு வந்தாள். ஆகஸ்டில் ஒரு தடவை, இன்று ஒரு தடவை. ஆர்டிஸ் தலையைப் பிடித்துக்கொள்ள, நான் குறட்டால் முட்களை ஒவ்வொன்றாக இழுத்தேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நானும் ஆர்டிஸும் சண்டை போடாமல் சேர்ந்து செய்யும் ஒரே வேலை இதுதான். நாக்கிலும் தொண்டையிலும் இருந்ததை எங்களால் எடுக்க முடியவில்லை. டவுனுக்குக் கொண்டு போனோம்.

கால்நடை டாக்டரம்மா ஒரு முள்ளைத் தட்டில் போட்டுக் காட்டினார். நெஞ்சுப் பக்கம் தோலுக்கு அடியில் இருந்ததாம். "இது ஒடிஞ்சு உள்ள நின்னா நகர்ந்துகிட்டே இருக்கும் ரெய்னோ. நுரையீரல் வரைக்கும் போயிரும். அடுத்த தடவை என்னால ஒன்னும் பண்ண முடியாம போகலாம்" என்றார்.

டூலி என் நாய் இல்லை. என் மகன் ஆர்வோவின் நாய். அவன் ஜனவரியிலிருந்து ஈராக்கில் இருக்கிறான். போன் செய்தால் முதல் கேள்வியே, "டூலி எப்படி இருக்கா?" எங்களை அவ்வளவாகக் கேட்பதில்லை. நாங்கள் வாலாட்டுவதில்லை, அதனால் இருக்கலாம்.

செப்டம்பர் 5, ஞாயிறு

ஆர்வோ போன் செய்தான். டூலி நல்லா இருக்கா என்று ஆர்டிஸ் சொன்னாள். மயக்க மருந்து தெளியாமல் அவள் காலடியில் எச்சில் ஒழுக்கிக்கொண்டு கிடந்தது நாய்.

செப்டம்பர் 8, புதன்

அந்த முள்ளம்பன்றி எங்கேயும் போகாது. எங்கள் சவுனாவின், அதாவது நீராவிக் குளியல் அறையின், வாசல்படியைத் தின்றுகொண்டிருக்கிறது. என் அப்பா காலத்திலிருந்து நாங்கள் வேர்வை சொட்டச் சொட்ட உட்கார்ந்து எழுந்த பலகை, உப்பு ஊறியிருக்கிறது. எங்கள் பரம்பரையே அதற்குத் தீனி. ஆகஸ்டில் ஒன்றைச் சுட்டேன். ஒரு வாரத்தில் அடுத்தது குடி வந்துவிட்டது.

லெராயிடம் சொன்னேன். பனி தள்ளும் லாரியில் என் கூட்டாளி. கரடி வேட்டை நாய் நாலு வைத்திருக்கிறான்.

"சுட்டுச் சுட்டு எத்தனையச் சுடுவ? நாய்க்குப் புத்தி வர வைக்கணும்ப்பா. என்கிட்ட நாய்க் கழுத்துல கட்டுற கரண்ட் ஷாக் பட்டை இருக்கு. பன்னியக் கூண்டுல பிடி. பன்னி மேல மூக்க வைக்கிறப்ப ரிமோட்ல ஒரு அமுக்கு. அவ்வளவுதான். ஆனா ஒன்னு. நீ வாயத் திறக்கவே கூடாது. அடிச்சது பன்னிதான்னு நாய் நம்பணும், நீதான்னு தெரியக் கூடாது."

"பேசாம இருக்கணும், அவ்வளவுதானே?"

"உன்னால முடியாது" என்றான்.

செப்டம்பர் 10, வெள்ளி

கூண்டில் உப்பு தடவிய ஆப்பிள் வைத்தேன். விடியும்போது உள்ளே உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்துத் திரும்பி முதுகைக் காட்டியது. வீட்டிலும் இதே மரியாதைதான்.

செப்டம்பர் 11, சனி

லெராய் வர முடியவில்லை. தங்கை வீட்டுக் கூரை வேலை. பட்டையையும் ரிமோட்டையும் கொடுத்துவிட்டு, "காத்து எந்தப் பக்கமிருந்து அடிக்குதுன்னு பாத்துக்கோ" என்றான். பார்க்கிறேன் என்றேன்.

டூலி லாரியை விட்டு இறங்கவே இல்லை. நான் கூப்பிட்டால் ஏன் வருவாள்? காட்டுக்குப் போவது என்றால் அவளுக்கு ஆர்வோவின் கோட்டு. போன ஜனவரியிலிருந்து அது வெளி அறைக் கொக்கியில் தொங்குகிறது, அவள் அதற்கு நேர் கீழேதான் படுக்கிறாள். ஆர்டிஸ் அதை ஒரு தடவைகூடத் தோய்க்கவில்லை. நானே போய் அதை எடுத்துப் போட்டுக்கொண்டேன். கை நீளம், வயிற்றில் ஜிப் ஏறவில்லை. பையில் துப்பாக்கித் தோட்டாவின் காலி உறை ஒன்று, ஒரு மிட்டாய்க் காகிதம். டூலி ஒரே குதியில் இறங்கினாள்.

கழுத்தில் பட்டையைக் கட்டிக் கூண்டு பக்கம் விட்டேன். மூக்கை நீட்டினாள். அமுக்கினேன். ஒன்றும் ஆகவில்லை. ஷாக் அளவின் எண்ணைக் கூட்டினேன். மறுபடி அமுக்கினேன். காதை மட்டும் சொறிந்தாள். ரிமோட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, கண்ணாடி இல்லாமல், எண் எங்கே இருக்கிறது என்று தேடித் திருகி, நன்றாகக் கூட்டி அமுக்கினேன்.

அதற்குள் அவள் கூண்டை விட்டுத் திரும்பி என்னிடம் ஓடி வந்துகொண்டிருந்தாள்.

காற்று என் முதுகிலிருந்து அடித்தது, கோட்டின் வாசனை நேராக அவள் மூக்குக்கு. அவள் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. நான் வாயைத் திறக்கவில்லை. அதை மட்டும் சரியாகச் செய்தேன்.

செப்டம்பர் 12, ஞாயிறு

லெராய் வந்தான். சரியாகச் செய்துகாட்டினான். ஒரே அமுக்கு. டூலி கூண்டைப் பார்த்தாலே ஒதுங்கிப் போகிறாள். "படிச்சுட்டா, உன்னைவிட வேகம்" என்றான். நேற்று நடந்ததை அவனிடம் சொல்லவில்லை. பன்றியைப் பெரிய ஏரிப் பக்கம் கொண்டுபோய் விட்டோம்.

செப்டம்பர் 14, செவ்வாய்

"டூலி ஏன் கோட்டுக்குக் கீழ படுக்கல?" என்று ஆர்டிஸ் கேட்டாள்.

அடுப்புக்குப் பக்கத்தில் கதகதப்பாக இருக்கும், அதனால் என்றேன். அடுப்பு எரியவில்லை.

செப்டம்பர் 19, ஞாயிறு

கோட்டைத் தரையில் விரித்து அதன் மேல் மான் இறைச்சித் துண்டு வைத்தேன். வாசலில் நின்றபடி பார்த்தாள். எச்சில் ஒழுகியது. வரவில்லை. நான் போய் எடுத்து என் கையில் வைத்து நீட்டினேன், தின்றாள். என் மேல் அவளுக்குக் கோபம் இல்லை. அதுதான் மோசம். அடித்தது நான் என்று அவளுக்குத் தெரியவே தெரியாது. கோட்டுக்குச் சொந்தக்காரன் என்றுதான்—

செப்டம்பர் 26, ஞாயிறு

அதே இறைச்சி. அதே கதை.

அக்டோபர் 7, வியாழன்

ஆர்வோவின் வண்டி குண்டில் மாட்டியது. பக்கத்தில் இருந்த பையன் போய்விட்டான். ஆர்வோ உயிரோடு இருக்கிறான்.

அக்டோபர் 8, வெள்ளி

வேலைக்குப் போனேன். சாலை ஓரம் புல் வெட்டினோம். இறைச்சி அடைத்த பேஸ்டி சாப்பிட்டேன். லெராய் தன்னுடையதில் கடைசிக் கடியையும் எனக்கே கொடுத்தான். என்ன இருந்தது அதில், மாடா மானா, நினைவில்லை.

அக்டோபர் 10, ஞாயிறு

ஆர்வோ பேசினான். காது ஒன்று கேட்கவில்லை, மற்றபடி ஒன்றுமில்லை, சீக்கிரம் அனுப்பிவிடுவார்கள். குரல் வேறு யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிப்பது போல இருந்தது. ஆர்டிஸ் என்ன சமைக்கட்டும், யாரைக் கூப்பிடட்டும் என்று கேட்டாள்.

"யாரையும் கூப்பிடாதம்மா. யாரும் எதுவும் கேக்க வேணாம். டூலி ஓடி வந்து மேல விழுந்தா போதும். அதத்தான் நெனச்சுகிட்டே இருக்கேன்."

ஆர்டிஸ் என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எப்போதிலிருந்து என்று நான் கேட்கவில்லை.

அக்டோபர் 16, சனி

கோட்டைத் தோய்க்கலாம் என்றேன்.

"கோட்டத் தோய்ச்சுடுவ. பிள்ளையையுமா தோய்ப்ப?" என்றாள்.

அக்டோபர் 31, ஞாயிறு

டிவி சத்தம் இல்லாமல் ஓடுகிறது. நாங்கள் பார்ப்பதுமில்லை, அணைப்பதுமில்லை.

நவம்பர் 9, செவ்வாய்

வந்துவிட்டான். இளைத்திருக்கிறான். முற்றத்தில் பையைக் கீழே வைத்து முட்டி போட்டு உட்கார்ந்து, கையை விரித்துக்கொண்டு, "டூலி" என்றான்.

பாதி தூரம் பறந்து வந்தாள். வால் மட்டுமில்லை, உடம்பே ஆடியது. பிறகு வாசனை எட்டியது. வயிறு தரையில் பட அப்படியே பதுங்கினாள். பின்பக்கமாகவே ஊர்ந்து வந்து என் காலுக்குப் பின்னால் ஒளிந்தாள். நடுங்கினாள்.

கை விரித்தபடியே கொஞ்ச நேரம் இருந்தான். அப்புறம் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

"மறந்துட்டா போல" என்றான். பரவாயில்லை என்றும் சொன்னான். சாப்பிடும்போது இரண்டு தடவை நல்லா இருக்கு என்றான். தட்டில் எல்லாம் அப்படியே இருந்தது.

நவம்பர் 10, புதன்

சவுனா போட்டேன். இரண்டு பேரும் மேல் பலகையில். கல்லில் தண்ணீர் ஊற்றினேன். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, ஆவி. எல்லாவற்றையும் சொன்னேன். டூலி மறக்கல, நான்தான் கெடுத்தேன். உன் கோட்டப் போட்டுகிட்டேன், காத்தப் பாக்கல, கண்ணாடி போடல, எங்கிட்ட ஓடி வர்ற நாயை நானே— என்று நிறுத்த முடியாமல் சொல்லிக்கொண்டே போனேன். மகன் வீடு திரும்பியதும் ஒருத்தன் இப்படியா பேசுவான்? ஆனால் பேசினேன். அவன் அசையவில்லை. கோபமாக இருக்கிறான் என்று நினைத்தேன்.

"அப்பா, அந்தப் பக்கம் கேக்காது. இந்தப் பக்கம் வந்து சொல்லு" என்றான்.

எழுந்து, அவனைச் சுற்றி, இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்து, முதலிலிருந்து சொன்னேன். இரண்டாவது தடவை சின்னதாகத்தான் வந்தது.

 தண்ணீர் ஊற்றினான்.

"நீ வாயத் திறக்காம இருந்தியா, உண்மையாவா?"

"ஆமா."

"அதத்தான் நம்ப முடியல." சிரிக்கவில்லை. ஆனால் சொன்னான்.

வெளியே வரும்போது வாசல்படியில் புதுசாகப் பல் தடம். அடுத்த குடித்தனம் வந்தாயிற்று.

நவம்பர் 13, சனி

காலையில் வெளி அறைக்கு வந்தால் என் கோட்டு இல்லை. முழங்கையில் ஆர்டிஸ் ஒட்டுப் போட்ட, டீசலும் புகையிலையும் நாறும் கோட்டு. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஆர்வோ அதைப் போட்டுக்கொண்டு சவுனா பாதையில் நிற்கிறான். கை குட்டையாக, மணிக்கட்டு வெளியே தெரிகிறது. டூலி கொஞ்சம் தள்ளி. மூக்கைத் தூக்கி மோந்துகொண்டே.

படிக்கடியிலிருந்து முள்ளம்பன்றி வந்தது. அவசரமே இல்லாமல், வாடகை கட்டியவன் போல.

டூலி பார்த்தாள்.  அவள் பக்கவாட்டில் நகர்ந்தாள், பெரிய அரை வட்டம் போட்டுச் சுற்றி வந்தாள், ஒளிய இடம் தேடி. அங்கே இருந்தது என் கோட்டு. அதன் பின்னால் போய் நின்றாள். ஆர்வோ திரும்பவில்லை. கீழே பார்க்காமல் கையை மட்டும் தொங்கவிட்டான். கொஞ்ச நேரம் கழித்து அவள் தலையை அதில் வைத்தாள்.

ஆர்டிஸ் எனக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். போய் டிவியை அணைத்தாள்.

நவம்பர் 28, ஞாயிறு

பனி முழங்கால் வரை. கோட்டை அவன் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. வேலைக்கு ஆர்வோவினுடையதைத்தான் போட்டுப் போகிறேன். ஜிப் ஏறுவதில்லை, லெராய் கிண்டல் செய்கிறான். வீட்டுக்கு வந்தால் டூலி என்னைக் கண்டு அடுப்புக்குப் பின்னால் போய்விடுகிறாள். அதைக் கழற்றி வெளியே மாட்டிய பிறகுதான் வருகிறாள்.

இருக்கட்டும். சரியான ஆளைப் பார்த்துத்தான் இப்போது பயப்படுகிறாள்.