வாசலில் கட்டிய தடுப்பு

ஆகஸ்ட் 4
இன்று தேதியை நானே எழுதினேன். எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் மருமகள் பார்த்துவிட்டு, "கோழி கிளறின மாதிரி இருந்தாலும் படிக்க முடியுது மாமா" என்றாள். இந்த வயதில் இதைவிடப் பெரிய பட்டம் யார் தரப்போகிறார்கள்.

ஆகஸ்ட் 9
தெருவில் ரோடு போட வந்துவிட்டார்கள். பழையதைச் சுரண்டிவிட்டுத்தானே போடுவீர்கள் என்று மேஸ்திரியிடம் கேட்டேன்.
"இந்தப் பழைய ஊர்ல எந்தக் குழாய் எங்க போகுதுன்னு யாருக்குத் தெரியும் பெரியவரே? சுரண்டினா அத்தனையும் உடையும். மேலேயே போடச் சொல்லிட்டாங்க."
ஒவ்வொரு தடவையும் இதே கதைதான். கல்யாணமான புதிதில் இந்த வீட்டுக்குப் படி ஏறினோம். இப்போது இறங்குகிறோம்.

ஆகஸ்ட் 12
ஒரு லாபம். எதிர்வீட்டுத் தையல்காரனின் பலகை முன்பு அண்ணாந்து பார்க்கும் உயரம். ரோடு ஏறியதில் என் மூக்குக்கு நேரே வந்துவிட்டது. எழுத்துக்கூட்டிப் படித்தேன்: 'கிழிந்த துணியும் தைத்துத் தரப்படும்.'
உள்ளேயிருந்து குரல் கொடுத்தான். "என்ன எழுதியிருக்குன்னே தெரியாமத்தான் இத்தனை வருஷம் துணி குடுத்தியாடா?"
சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. மனசு நிறைந்த நாள்.

ஆகஸ்ட் 20
மழைக்கு முன்னால் எல்லா வாசலிலும் முழங்கால் உயரத்துக்குத் தடுப்பு கட்டுகிறார்கள். தையல்காரன் வேண்டாம் என்றுவிட்டான். அவனுக்குக் கால்கள் இயங்காது, சக்கர நாற்காலிதான். "குறுக்க சுவர் வச்சா என் தேர் எப்படிடா வெளிய வரும்? உள்ள சரிவு கட்டினா இருக்கிற இடமும் போயிடும், மெஷினை என் தலைமேலயா வைக்கிறது?"
நமக்கும் வேண்டாம் என்று மகனிடம் சொன்னேன். தண்ணீர் எல்லா வீட்டுக்கும் பிரிந்து போனால் கணுக்கால்தான் நனையும்.
"ஊருக்கெல்லாம் நாமதான் குடை பிடிக்கணுமாப்பா?"
சிமெண்டுக்குப் பணம் எடுத்துக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 21
கட்டியாயிற்று. ஈரச் சிமெண்டில், தெருப் பக்கம், ஆணியால் என் பெயரை எழுதினேன். போகிறவன் வருகிறவன் எல்லாம் படிக்கலாம்.

செப்டம்பர் 17
மதியத்திலிருந்து நல்ல மழை. வீட்டுக்குள் ஒரு சொட்டு வரவில்லை. கட்டிலில் உட்கார்ந்து இதை நிதானமாக எழுதுகிறேன். இன்று எழுத்து கோணாமல் வருகிறது.

செப்டம்பர் 18
முடியவில்லை.

செப்டம்பர் 20
தெருத் தண்ணீர் முழுக்க அவன் வீட்டுக்குள் போயிருக்கிறது. நாற்காலியோடு கவிழ்ந்து கிடந்தான். எழுந்து நின்றால் இடுப்புக்குக்கூட வராத தண்ணி. அதுல ஒரு மனுஷன் சாவானா? அவனால எழுந்து நிக்க முடியாதே — கூப்பிட்டிருப்பான். கூப்பிடாம இருப்பானா? மழைச் சத்தம். நான் உள்ள உக்காந்து எழுதிக்கிட்டு இருந்தேன்.

அக்டோபர் 6
வெளியூரிலிருந்து அவன் மகள் வந்து பலகையைக் கழற்றிக்கொண்டு போனாள். அவன் வாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள்.

அக்டோபர் 30
மறுபடி மழை. இப்போது தண்ணீர் போக வழியில்லை. தெருவிலேயே நிற்கிறது, தடுப்பில் என் பெயரைத் தொட்டுக்கொண்டு.
"நல்லவேளை கட்டினோம் மாமா" என்றாள் மருமகள்.

அக்டோபர் 31
தண்ணீர் வடிந்ததும் உளியை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். மகன் தடுக்கவில்லை. பெயர் போய்விட்டது. தடுப்பு இருக்கிறது.