எருக்கம்பாலைப் பற்றி நான் சொல்லாத பாதி

ஜூலை 9, திங்கள்
காலையிலேயே புழுக்கம். பத்தாம் வகுப்பு உயிரியல் தாள்கள், பாதி திருத்தியாயிற்று. மாலை கிணற்றடியில் வீட்டுக்காரம்மா கன்னியம்மா. இடுப்பில் பாவாடை நாடா இறுக்கி இறுக்கிக் கருத்துப்போன தழும்பு அவளுக்கு உண்டு. இன்று அது புண். ஓரம் தடித்து, சுற்றிலும் தோல் வெந்து.

"என்னக்கா இது?"

"ஆறாத புண்ணு, புத்துநோயோன்னு பயந்து எருக்கம்பால் வெக்கிறேன் டீச்சர். நீதானே சொன்ன, அது புத்த சாவடிக்கும்னு."

மீதித் தாள்களைத் திருத்தாமலே கட்டி வைத்தேன்.

ஜூலை 10, செவ்வாய்
ஆம், சொன்னேன். கோடை விடுமுறையில் ஒருநாள். அவளுக்கு மகள் தென்னேரியில். எனக்கு யாருமில்லை. பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில், சென்னை ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்த இரண்டு வருஷக் கதையை அவிழ்த்துவிட்டேன். கண்ணாடித் தட்டில் தோல் புற்றுச் செல்கள். மேலே எருக்கஞ்சாறு. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் செல் சுருங்கும், உட்கரு துண்டு துண்டாகும், உதிரும். "அம்மாடி!" என்றாள். அந்த முகத்துக்காக அங்கேயே நிறுத்திவிட்டேன். அதே சாற்றில் நல்ல தோல் செல்களும் செத்தன. அது வாயில் வரவில்லை.

ஜூலை 12, வியாழன்
சொல்லிவிட்டேன்.

"தட்டுல செத்தது நிஜம்க்கா. நல்ல தோலும் சேர்ந்துதான் செத்துச்சு. மேல தடவினா அடியில இருக்கிறது போகாது. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

நாடாவைத் தளர்த்திக்கொண்டாள். பிறகு, "அத்த அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?"

கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜூலை 16, திங்கள்
நேற்று அவளே வந்து, "நாளைக்குக் கூட்டினு போ" என்றாள். லீவு போட்டேன். செங்கல்பட்டு. பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரவில்லை. டாக்டர் துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்.

ஆகஸ்ட் 3, வெள்ளி
புற்றுதான். வெட்டி எடுத்து, தொடைத் தோலை வைத்துத் தைத்தாயிற்று. வேறெங்கும் பரவவில்லையாம். ஆனால் பாலில் வெந்த இடத்தில் புண்ணின் எல்லை தெரியவில்லை, கொஞ்சம் கூடுதலாகவே வெட்டினோம் என்றார் டாக்டர். அந்தக் கூடுதல் என்னால் வந்தது. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். யாரும் ஏனென்று கேட்கவில்லை.

ஆகஸ்ட் 20, திங்கள்
டிஸ்சார்ஜ். மகள் நேராகத் தென்னேரிக்கு அழைத்துப் போகிறாள். என்னைப் பார்க்காமலே பஸ் ஏறினார்கள். பஸ் புறப்படும்போது ஜன்னல் வழியாகக் கன்னியம்மா:

"டீச்சர், சனிக்கிழமை வந்து கட்டு மாத்து. இவளுக்குப் புண்ணப் பாத்தாலே மயக்கம் வருது."

தலையாட்டினேன். பஸ் போனபின்னும் ஆட்டிக்கொண்டிருந்தேன் போல. பக்கத்தில் ஒருத்தர் சிரித்தார்.

ஆகஸ்ட் 23, வியாழன்
பள்ளியில் நாள் முழுக்கப் பேசுகிறேன். வீட்டுக்கு வந்தால் வாய் திறக்க வேலையில்லை. அவள் பக்கத்துக் கதவில் பூட்டு. இன்று அதைத் தொட்டுப் பார்த்தேன், எதற்கென்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 25, சனி
தூறல். பஞ்சு, கட்டுத்துணி, களிம்பு, ஒரு சீப்பு வாழைப்பழம். தென்னேரிக்குப் போக வேண்டிய வாலாஜாபாத் பஸ் கண்ணெதிரே போய்விட்டது. அடுத்தது பத்தரைக்காம். நின்றுகொண்டே எழுதுகிறேன்.